பாலைவனம் வெறும் மணல் இல்லை, தம்பி

கலிபோர்னியாவுக்குச் சுற்றுலா போகும் நம்ம சுங்கை சிப்புட் பிள்ளைகளுக்கு, “பாலைவனப் பூங்காவில் காடியை எங்கே வேணும்னாலும் இறக்கி ஓட்டலாம், கெட்டுப்போக அங்கே என்ன இருக்கு, ஒரு மழையில் தடம் அழிஞ்சிடும்” என்று எழுதியிருக்கிறீர்கள் தம்பி. அது தப்பு. செம்பனைத் தோட்டத்து மண்சடக்கில் லோரித் தடத்தை லாலான் புல் சீக்கிரமே மூடிவிடும், சரி. கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் அப்படி நடக்காது. 1942-இல் அமெரிக்க ராணுவத்தின் ஜெனரல் பேட்டன் அங்கே ராணுவப் பயிற்சி முகாம் அமைத்தார். டாங்கிகள் போன தடம் சில இடங்களில் இன்னமும் தெரிகிறது.

காரணம் மண்ணின் மேல்தோல். குனிந்து பார்த்தால் கறுத்து, சின்னச் சின்ன முண்டுகளாக இருக்கும். நுண்ணுயிரிகளும் பாசியும், பூஞ்சையும் ஆல்காவும் இணைந்து வாழும் லைக்கனும் சேர்ந்து மணலைப் பின்னிப் பிடித்திருக்கின்றன. மண்ணைக் காற்று அள்ளாமல் காப்பதும், செடிகளுக்கு நைட்ரஜன் சேர்ப்பதும் அதுதான். டயர் ஏறினால் நொறுங்கிவிடும், மிதித்தாலே உடையும். பழையபடி ஆகப் பல பத்தாண்டுகள் பிடிக்கும். அங்குள்ள ஜோஷுவா ட்ரீ, டெத் வேலி தேசியப் பூங்காக்களில் சாலையை விட்டுக் காடியை இறக்குவது சட்டப்படி குற்றம்.

ஆமையைக் கையில் தூக்கிப் படம் எடுக்கச் சொன்னீர்களே, தயவுசெய்து வேண்டாம். பாலைவன ஆமை சிறுநீர்ப்பையில் தண்ணீரைச் சேர்த்து வைத்துத்தான் வறட்சியைத் தாண்டுகிறது. பயந்தால் அதை வெளியே விட்டுவிடும். பிறகு தண்ணீர் இல்லாமல் செத்தும் போகலாம். நிறுத்திய காடிக்கு அடியில் நிழலுக்கு வந்து படுத்திருக்கும். கிளம்புமுன் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள்.