காட்டுப்பூனையைச் சுட்ட கதை

எண்ணெய் இருக்குமா இருக்காதா என்று யாருக்கும் தெரியாத புது நிலத்தில் தோண்டும் கிணற்றை ஆங்கிலத்தில் 'வைல்ட்கேட்' என்பார்கள். காட்டுப்பூனை. தோண்டுகிறவர் 'வைல்ட்கேட்டர்'. நான் எண்ணெய் தோண்டும் ரிக்கில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், நைட் ஷிஃப்ட் முடிந்து டீ குடிக்கும்போது மூத்தவர் ஒருவர் இதற்குக் கதை சொன்னார். அமெரிக்காவில் காட்டுக்குள் தோண்டப் போனவர்கள் ஒரு காட்டுப்பூனையைச் சுட்டு டெரிக், அதாவது தோண்டும் கோபுரத்தின் உச்சியில் தொங்கவிட்டார்களாம். பல வருடம் நானும் இதையே புதுப் பையன்களுக்குச் சொல்லி வந்தேன். தப்பு என்று இப்போதாவது சொல்லியாக வேண்டும்.

வருடத்தைப் பார்த்தாலே போதும். பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில்லில், அமெரிக்க எண்ணெய்த் தொழிலைத் தொடங்கிவைத்த எட்வின் டிரேக் எண்ணெய் கண்டது 1859 ஆகஸ்டில். அதற்கு இருபது வருடம் முன்பே 'வைல்ட்கேட் வங்கி' என்ற பேச்சு அமெரிக்காவில் புழக்கத்தில் இருந்தது. மிச்சிகனில் 1837இல் வந்த சட்டத்தால் யாரும் எளிதாக வங்கி தொடங்கி நோட்டு அடிக்க முடிந்தது. கொஞ்சம் தங்கம், வெள்ளி நாணயமும் கையிருப்பில் இருக்க வேண்டும். ஆய்வாளர் வந்து பீப்பாயைத் திறந்தால் மேலே பளபளவென்று வெள்ளிக்காசு. கையை உள்ளே விட்டால் ஆணியும் கண்ணாடித் துண்டும். ஒரே காசுப்பெட்டி ஆய்வாளருக்கு முன்னால் வங்கி வங்கியாக ஓடியதும் உண்டு. சில வருடங்களில் அநேகமாக எல்லாமே மூழ்கின. நோட்டை நம்பி விளைச்சலை விற்றவன் கையில் வெறும் காகிதம்.

வங்கிக்கு ஏன் அந்தப் பெயர் என்றால், காட்டுப்பூனை திரியும் இடத்தில் இருந்ததால் என்பார்கள் சிலர், நோட்டில் பூனைப் படம் இருந்ததால் என்பார்கள் சிலர். எப்படியோ, நிச்சயமில்லாத முதலீட்டுக்கெல்லாம் பெயர் ஒட்டிக்கொண்டது. அப்புறம் எண்ணெய்க் கிணற்றுக்கும் வந்தது.

பூனைக் கதையில் துப்பாக்கி தூக்கிய வீரன் மட்டும்தான் இருக்கிறான், பணம் போட்டவனைக் காணோம். அதுதான் எனக்கு உறுத்துகிறது. கிழக்கு டெக்சாஸில் 'டாட்' ஜாய்னர் என்ற எழுபது வயதுக்காரர் டெய்சி பிராட்ஃபோர்டு என்ற பெண்மணியின் நிலத்தில் தோண்டினார். இரண்டு கிணறு வீண். மூன்றாவதில், 1930 அக்டோபரில், எண்ணெய் பீறிட்டது. அமெரிக்காவில் அதுவரை கண்ட வயல்களிலேயே பெரியது அது. ஆனால் கிணற்றில் இருந்ததைவிட அதிகப் பங்குகளை அவர் ஏற்கெனவே விற்றிருந்தார். வழக்குகள் சூழ்ந்தன. அடுத்த மாதமே எச்.எல். ஹன்ட் என்பவரிடம் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு ஒதுங்கினார். கிணற்றில் எண்ணெய் வந்த பிறகும், காகிதம் வாங்கியவர்கள் கோர்ட்டுக்குத்தான் அலைய வேண்டியிருந்தது.