ஜெப்பர்டி: ட்ரெபெக்குக்கு அடுத்து வந்தவர் யார்?

அமெரிக்கத் தொலைக்காட்சி வினாடி வினா நிகழ்ச்சியான 'ஜெப்பர்டி'யை நெடுங்காலம் நடத்திய அலெக்ஸ் ட்ரெபெக் மறைந்ததும், அதில் பலமுறை வென்ற போட்டியாளர் கென் ஜென்னிங்ஸையே தொகுப்பாளராக நியமித்துவிட்டார்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார், பலரும் அதைப் பகிர்கிறார்கள். சின்னத் திருத்தம்.

ட்ரெபெக் காலமானது 2020 நவம்பர் 8. 2021 ஜனவரியில் ஜென்னிங்ஸ் வந்தது முதல் விருந்தினர் தொகுப்பாளராகத்தான். அவருக்குப் பின் இன்னும் பலர் வாரக்கணக்கில் வந்து போனார்கள். ஆகஸ்டில் அன்றாட நிகழ்ச்சிக்கு நிரந்தரத் தொகுப்பாளராக அறிவிக்கப்பட்டவர் மைக் ரிச்சர்ட்ஸ். நிகழ்ச்சியின் நிர்வாகத் தயாரிப்பாளரே அவர்தான் (இந்த ஒரு விஷயமே போதாதா, முணுமுணுப்பு கிளம்ப!). பழைய பாட்காஸ்ட் ஒன்றில் அவர் பெண்களை இழிவாகப் பேசியவை வெளிவரவும், சில நாட்களில் விலகினார். அதற்குள் ஒரே நாளில் ஐந்து எபிசோடுகள் படமாகியிருந்தன. பிறகு நடிகை மயிம் பியாலிக்கும் ஜென்னிங்ஸும் மாறி மாறி நடத்தினார்கள். இனி பியாலிக் நடத்தமாட்டார் என்று 2023 டிசம்பரில் தெரியவந்த பிறகே ஜென்னிங்ஸ் தனித் தொகுப்பாளர் என்று உறுதியானது.

சரிபார்ப்பது சுலபம். 2021 ஆகஸ்ட் 11, 20 தேதிகளின் அமெரிக்கச் செய்திகளைத் தேடுங்கள்: முதலாவதில் நியமனம், இரண்டாவதில் விலகல். இன்னும் சந்தேகம் என்றால் அதே ஆண்டு செப்டம்பர் 13 முதல் 17 வரை ஒளிபரப்பானவற்றைப் பாருங்கள். போட்டியாளர் மேட் அமோடியோ தொடர்ந்து ஜெயித்துக்கொண்டிருந்த நேரம் அது. கேள்வி கேட்பவர் ரிச்சர்ட்ஸ்.