வாளியைப் பிடுங்காதீர்கள்

வாக்ஸல் கேமில், அதாவது மைன்கிராஃப்ட் மாதிரி உலகமே கனசதுரக் கட்டங்களால் ஆன விளையாட்டில், புதிர் வைக்கிறவர்கள் 'இந்தக் கல்லை உடைக்க முடியாது', 'இங்கே கட்ட முடியாது' என்று நிமிடத்துக்கொரு தரம் திரையில் காட்டினால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எதையும் உடைக்கலாம், எங்கேயும் கட்டலாம் என்றுதானே கூப்பிட்டீர்கள்?

இதே தப்பை நானும் செய்தவன்தான். எங்கள் வீடு மாத்தூர் தொட்டிப்பாலம் பக்கம். ஆற்றுக்கு மேலே தூண்கள் மீது தொட்டி மாதிரிக் கட்டி, பாசனத் தண்ணீரை அக்கரைக்குக் கொண்டுபோகும் பாலம் அது. போன மழைக்கு வீட்டில் அடைந்து கிடந்தபோது மருமகனுக்காக மைன்கிராஃப்டில் அதையே புதிராக வைத்தேன். இந்தப் பக்க மலையில் தண்ணீர், அந்தப் பக்கம் வயல், நடுவில் பறளியாறு. அவன் மேலே பார்த்தான், கீழே பார்த்தான், ஒரு வாளித் தண்ணீர் மொண்டு நேரே வயலில் போய் ஊற்றினான். "வெள்ளம் விட்டாச்சு மாமா." அந்த விளையாட்டில் ஒரு வாளி ஊற்றினாலே அது வற்றாத ஊற்று. நான் வாளியைப் பிடுங்கினேன். "அப்ப நீங்க சொன்னபடிதான் வெளையாடணுமா?" என்று எழுந்து போனவன் சாயங்காலம் வரை திரும்பவில்லை.

அவன் கேட்டது சரிதான். அப்புறம் லுவான்டி என்ற, நாமே நிரலை மாற்றிக்கொள்ளக்கூடிய இதே மாதிரி விளையாட்டுக்கு மாறி, மலை ஊற்றைத் தவிர வாளித் தண்ணீர் எல்லாம் கொஞ்ச நேரத்தில் காய்ந்துபோகும்படி நிரலைத் திருத்தினேன். வாளி கையிலேயே இருக்கட்டும், வேண்டுமானால் நடந்து நடந்து ஊற்றட்டும். நாலாவது நடையில் அவனாகவே வாய்க்கால் வெட்ட ஆரம்பித்தான்.

இன்னொன்று, எண்கள். மைன்கிராஃப்டில் சமதளத்தில் தண்ணீர் ஊற்றிலிருந்து 7 கட்டம்தான் ஓடும், ஒரு கட்டம் கீழே விழுந்தால் மறுபடி 7. கட்டம் ஒன்றுக்கு ஒரு மீட்டர். நிஜத் தொட்டிப்பாலம் 1240 அடி, சுமார் 378 மீட்டர். விழும் கட்டத்தையும் சேர்த்து 8 கட்டத்துக்கு ஒரு படி இறக்கினால் அக்கரை போய்ச் சேர்வதற்குள் 47 மீட்டர் இறங்க வேண்டும், பாலத்தின் உயரமோ 115 அடி, அதாவது 35 மீட்டர்தான். முக்கால் தூரத்திலேயே தண்ணீர் ஆற்றுக்குள்! அதனால் பள்ளத்தை 120 கட்டமாகச் சுருக்கினேன். இந்தக் கணக்கைப் போடாமல் புதிர் வைத்தால் அது புதிர் இல்லை, ஏமாற்று.

கடைசியாகச் செய்ததை ரத்து செய்து பின்னால் போகும் பொத்தானும் வையுங்கள். 1982இல் வந்த சோகோபான் என்ற புதிர் விளையாட்டில் பெட்டியைத் தள்ளத்தான் முடியும், இழுக்க முடியாது. மூலையில் ஒன்று மாட்டினால் கதை முடிந்தது.

வயல் நனைந்ததா என்று மட்டும் பாருங்கள், எப்படி நனைந்தது என்று கேட்காதீர்கள். 28 தூண் நிறுத்தித் தொட்டி கட்டுவான் என்று நான் காத்திருந்தேன், அவன் பள்ளத்தையே மண் போட்டு மூடி அதன் மேல் வாய்க்காலைக் கொண்டுபோனான். "ஆறு எங்கலே?" என்றேன்.

"அது அடுத்த லெவல் மாமா."