மீசையை முறுக்கறதுக்கா சின்னமலை?

சின்னப் பசங்க சிலம்பம் ஆடற வீடியோ ஒண்ணு சுத்துதே, அதைப் பத்தி எழுத வேண்டாம்னுதான் ரெண்டு நாளா வாயை மூடிட்டு இருந்தேன். நேத்து ராத்திரி ஒரு வாத்தியாரே அதைப் பகிர்ந்து "சின்னமலை வாரிசுடா!"ன்னு போட்டிருக்கார். கீழ வரிசையா ஹார்ட்டு. தூக்கம் போயிருச்சுங்க.

கம்பு கைநழுவிக் கீழ கிடக்கறான் ஒருத்தன். பன்னெண்டு வயசு இருக்கும். ஜெயிச்சவன் அவன் நெஞ்சுல கம்பு நுனியை ஊனி, இல்லாத மீசையை முறுக்கறான். முடிக்கறப்ப வைக்க வேண்டிய சலாம் இல்லை. சுத்தி நின்ன பெரியவங்க விசிலடிக்கறாங்க.

பையன் மேல எனக்குக் கோவமில்லை. கும்பெனியை எதிர்த்த தீரன் சின்னமலை வரலாறு சொல்லிக் குடுக்கறோம்னு சிலம்ப வாத்தியாருங்க நாம சொல்லிக் குடுத்தது வசனத்தைத்தான். "சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவுல ஒரு சின்னமலை" எல்லாப் பொடிசுக்கும் மனப்பாடம். மைசூருக்குப் போன வரிப்பணத்தை மறிச்ச அதே மனுசன், பின்னால மைசூர் திப்புவோட சேர்ந்தே வெள்ளைக்காரக் கும்பெனியை எதிர்த்தாரே, அதைச் சொன்னோமா? 1799-ல திப்பு போனப்பறம் 1801 காவிரிக்கரை, 1802 ஓடாநிலை, 1804 அரச்சலூர்னு ஜெயிச்சது மட்டும் சொல்லுவோம். கும்பெனிப் படை பீரங்கியோட வந்து ஓடாநிலைக் கோட்டையை வளைச்சப்ப அவர் உள்ள இல்லை. முன்னாடியே தகவல் தெரிஞ்சு வெளியேறிட்டார், வெறுங்கோட்டையைத்தான் இடிச்சாங்க. இதை வகுப்புல சொன்னப்ப ஒருத்தன் எந்திரிச்சு, "ஓடாநிலைல இருந்தே ஓடிட்டாருங்களா மாஸ்டர்?"னான். எல்லாம் சிரிச்சுது. "நாலு பேரை நம்பிக் கூட்டிட்டு வந்தவன் வீம்புக்குச் சாகக் கூடாது கண்ணு"ன்னேன். அன்னைக்கு அரை மணி நேரம் கம்பையே தொடலை. அந்தப் பேச்சு எந்த வீடியோவுல வரும்?

"உனக்கு வயித்தெரிச்சல்"னு ஒருத்தர் எழுதுவார். எழுதட்டும். "சின்னப் பசங்க, விடுங்க"ம்பாங்க. சின்னப் பசங்கன்னுதான் விடக் கூடாதுங்கறேன். "காசு கட்டறது கம்பு சுத்த, கதை கேக்க இல்லை"ன்னு ஒரு அப்பா நேராவே கேட்டார். அது நியாயமான கேள்விதான். அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டுல சிலம்பம் வந்தாச்சு, சர்டிபிகேட் வேணும். ஒத்துக்கறேன். ஆனா சலாம் வைக்காத கைக்கு எதுக்குங்க சர்டிபிகேட்?

எனக்குப் பதினாலு வயசுல களத்துமேட்டுல ஆடறப்ப, எதிராளி கம்பைத் தவற விட்டான். விட்டதைப் பாத்துட்டேதான் கணுக்கால்ல போட்டேன். எங்க வாத்தியார் திட்டவே இல்லை. அடுத்த ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரையும் பஸ் ஏத்தி சங்ககிரி மலைக்கோட்டைக்குக் கூட்டிட்டுப் போனார். அவனுக்கு வீக்கம் வத்தலை. வாசலுக்கு வாசல் அவனைத் தோள்ல தாங்கி மலையேத்தினது நான். மேல உக்காந்து, சின்னமலையைச் சமையக்காரன் காட்டிக் குடுத்தது, 1805 ஜூலை 31 ஆடிப் பதினெட்டுல தம்பிமாரோட அவரை அங்கயே தூக்குல போட்டது, எல்லாஞ் சொன்னார். எனக்குப் பாதிதான் காதுல விழுந்துச்சு. பக்கத்துல அவன் மூச்சு வாங்கற சத்தம்தான் கேட்டுட்டே இருந்துச்சு. கட்டுச்சோத்தை ஒரே இலைல போட்டுக் குடுத்தார். இன்னைக்கு அவன் வீட்டு விசேஷம்னா மொய் நோட்டுல உக்காரறது நான்தான்.

பொன்னர், சங்கர்னு அண்ணன் தம்பி ரெண்டு பேரோட அண்ணன்மார் கதை சொன்னாலும் இதே பாடுதான். அத்தனை பேருக்கும் கோவக்காரச் சங்கராகணும். பொறுத்துப் போற பொன்னராக ஒருத்தனும் கை தூக்க மாட்டான். உடுக்கடிக்கறவங்க விடிய விடிய ரெண்டு பேரையும்தானே பாடறாங்க?

இப்ப ஆடிப் பதினெட்டு வந்தா சைலன்சரைக் கழட்டின பைக்கு, மணிக்கட்டுல சாதிக் கயிறு. மாலை போடறது யாருக்குன்னே தெரியலை. கயிறைக் கழட்டிட்டுக் கம்பைத் தொடுன்னு சொன்னதுக்கு மூணு பசங்க வகுப்புக்கு வர்றதையே நிறுத்திட்டாங்க. அதுல ஒருத்தன் நாலு வருசமா என்கிட்ட இருந்தவன். வழியில பாத்தா இப்பத் தலையைத் திருப்பிக்கறான்.

இன்னொண்ணும் சொல்லிடறேன், எப்படியும் கமெண்ட்ல கண்டுபிடிச்சிருவீங்க. வீடியோவுல கீழ கிடக்கறது என் பையன்தான், என் வகுப்புப் பையன். ஆமாங்க, அதனாலயும் கோவம். எந்திரிச்சதும் அவன் சலாம் வெச்சான். அதுக்குள்ள கேமரா அந்தப்பக்கம் திரும்பிருச்சு.

இந்த ஞாயித்துக்கிழமையும் ஆறுல இருந்து ஆறரை வரைக்கும் கதைதான். பிடிக்காதவங்க ஆறரைக்குக் கூட்டிட்டு வாங்க. பீஸ்ல குறைக்க மாட்டேன்.