ஹைக்குவும் ஃபைனல் இயர் ப்ராஜெக்டும்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஃபைனல் இயர் ப்ராஜெக்டைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். வருகைப் பதிவு, நூலக மேலாண்மை என்று வருடா வருடம் அதே தலைப்புகள்தான் கைமாறுகின்றன. அதற்குப் பதில், அதிகம் பேர் அறியாத ஓர் இயங்குதளத்தை எடுங்கள். நாம் எழுதும் கோடை இயந்திர மொழிக்கு மாற்றித் தரும், உலகமே பயன்படுத்தும் கம்பைலர் அதில் ஒழுங்காக ஓட ஒரு சின்ன வேலையாவது செய்து கொடுங்கள்.

ஹைக்கு என்ற இயங்குதளத்தையே எடுத்துக்கொள்ளலாம். அதன் முன்னோடியான பீஓஎஸ் என்ற இயங்குதளத்தை உருவாக்கிய பீ நிறுவனம் 2001-இல் அதை பாம் நிறுவனத்திடம் விற்றுவிட்டுப் போனது. விட மனமில்லாத ரசிகர்கள் அதே வருடம் அதைத் திரும்ப எழுத உட்கார்ந்தார்கள்; அதுதான் ஹைக்கு. பழைய பீஓஎஸ் புரோகிராம்கள் அப்படியே ஓட வேண்டும் என்று தங்களுக்குத் தாங்களே நிபந்தனையும் போட்டுக்கொண்டார்கள். அந்தப் புரோகிராம்களோ ஜிசிசி என்ற கம்பைலரின் 2.95 பதிப்புக் காலத்தவை. ஜிசிசி 3 வந்ததும் சி++ ஃபங்ஷன் பெயர்களை பைனரியில், அதாவது கம்பைலர் உருவாக்கித் தரும் ஃபைலில், எழுதும் முறையே மாறிவிட்டது. பழைய கம்பைலரில் செய்த புரோகிராம், புதியதில் செய்த லைப்ரரியோடு (பல புரோகிராம்கள் பகிர்ந்துகொள்ளும் கோட் தொகுப்போடு) ஒட்டாது. அதனால்தான் 32 பிட் ஹைக்கு இன்றைக்கும் இரண்டு ஜிசிசிகளையும், அவற்றுக்கு இரண்டு செட் லைப்ரரிகளையும் சுமக்கிறது. அந்த விசுவாசத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும் புதிதாக வருபவர்கள் இந்தச் சுமை இல்லாத 64 பிட்டில் தொடங்குவதுதான் சரி.

புதுக் கம்பைலரைக் கொண்டுவருவது என்றால் இயங்குதளத்தின் உட்கருவான கெர்னலைக் குடைவது என்று நினைக்க வேண்டாம். பாதி வேலை அறிமுகம் செய்து வைப்பதுதான். இப்படி ஓர் இயங்குதளம் இருக்கிறது என்று, பில்டுக்கு முன் கணினியைச் சோதிக்கும் கன்ஃபிகர் ஸ்கிரிப்டுக்குத் தெரிய வேண்டும். ஹெடர் ஃபைல்கள் எங்கே, மெயின் தொடங்கும் முன் எந்தக் கோட் ஓட வேண்டும், எந்த லைப்ரரியைக் கேட்காமலே சேர்க்க வேண்டும் என்பதையெல்லாம் ஜிசிசிக்கும், கிளாங் என்ற இன்னொரு கம்பைலருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டும். அப்புறம் வெளியிலிருந்து வரும் மென்பொருள்கள். லினக்ஸை மனதில் வைத்து எழுதிய மேக்ஃபைல் (பில்ட் செய்யும் வழியைச் சொல்லும் ஃபைல்), ஒரே நேரத்தில் பல வேலைகளை ஓட்ட உதவும் பித்ரெட் லைப்ரரியைக் கேட்கும். ஹைக்குவில் அது தனியாக இல்லை, லிப்ரூட் என்ற அடிப்படை லைப்ரரிக்குள்ளேயே இருக்கிறது. நெட்வொர்க் இணைப்புக்கான சாக்கெட் ஃபங்ஷன்களோ லிப்நெட்வொர்க் என்று தனியாக இருக்கின்றன. இல்லாததைக் கேட்டு, இருப்பதைக் கேட்காமல் விட்டு, துண்டுகளை ஒன்றாக இணைக்கும் லிங்கர் நின்றுவிடும். இரண்டு வரி பேட்ச், அதாவது சின்னத் திருத்தம், போதும்.

அந்த இரண்டு வரியை எங்கே வைப்பது என்பதில்தான் எனக்கு உறுதியான கருத்து உண்டு. நம் இயங்குதளத்தின் கிடங்கிலேயே வைத்துக்கொண்டால், கிளாங்கை உள்ளடக்கிய எல்எல்விஎம் திட்டம் ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு விடும்போதெல்லாம் அதை மறுபடி பொருத்த வேண்டும். பொருத்திக்கொண்டிருந்தவருக்குக் கல்யாணமாகி, வேலை மாறிவிட்டால் அந்த போர்ட் (நம் இயங்குதளத்துக்கு மாற்றிய வடிவம்) அதோடு நின்றது. அதனால் பேட்சை அந்தக் கம்பைலரை உருவாக்கும் மூலத் திட்டத்துக்கே அனுப்பிச் சேர்த்துவிட வேண்டும். மறுஆய்வில் பத்துக் கேள்வி கேட்பார்கள், கேட்கட்டும். சேர்ந்த பிறகும் கவனிப்பு தேவைதான். ரஸ்ட் என்ற நிரலாக்க மொழியின் கம்பைலரில் ஹைக்குவுக்கு இடம் உண்டு, ஆனால் மூன்றாம் அடுக்கில். அந்த அடுக்கில் உள்ளவற்றை ரஸ்ட் குழு தானாக பில்ட் செய்தோ சோதித்தோ பார்ப்பதில்லை. உடைந்தால் நாம்தான் போய்ச் சொல்ல வேண்டும்.

பொதுவான கம்பைலரைக் கொண்டுவந்தால் ஹைக்குவின் தனித்தன்மை போய்விடுமே என்று சிலர் வருந்துகிறார்கள். கானாடுகாத்தானில் பழைய வீட்டைப் புதுப்பிப்பவர்கள் முற்றத்தையும் தேக்குத் தூணையும் தொடுவதில்லை. ஆனால் வயரிங்கும் பிளம்பிங்கும் இன்றைய அளவில்தான் போடுகிறார்கள், எந்த எலக்ட்ரீஷியன் வந்தாலும் பார்க்க முடியும். ஹைக்குவின் முகமும், புரோகிராம்கள் அதோடு பேசும் ஏபிஐயும் ஹைக்குவாகவே இருக்கட்டும். கம்பைலர் மட்டும் பொதுவானதாக இருக்கட்டும்.

"இதைப் படித்தால் வேலை கிடைக்குமா?" என்று கேட்கிறார்கள். சென்னை ஐஐடியின் சக்தி செயலியைப் பாருங்கள். அது ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த செயலி வடிவமைப்பு வகை. அதற்கான ஆதரவு ஜிசிசியின் மூலத்திலேயே 2017-இல் சேர்ந்துவிட்டதால், அவர்கள் தங்களுக்கென்று ஒரு கம்பைலரை முதலிலிருந்து எழுத வேண்டியிருக்கவில்லை. யாரோ உட்கார்ந்து செய்த வேலை அது. புதிதாக ஒரு சிப் வரும்போதெல்லாம் இதே திறமைக்குத்தான் ஆள் தேடுவார்கள்.

ஹைக்கு விர்ச்சுவல் மெஷினிலேயே (இருக்கும் கணினிக்குள் ஓடும் இன்னொரு கணினி போன்ற மென்பொருளில்) நன்றாக ஓடும், புது லேப்டாப் தேவையில்லை. ஹைக்குவுக்கு மாற்றிய மென்பொருள்களின் தொகுப்பான ஹைக்குபோர்ட்ஸில் மூலத் திட்டத்துக்கு இன்னும் போய்ச் சேராத பேட்ச் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். விருப்பம் உள்ளவர்கள் கமெண்டில் எழுதுங்கள். காரைக்குடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து முதல் பேட்சைச் சேர்ந்தே அனுப்புவோம்.