எங்கள் சான்றிதழ் ஏன் உங்கள் பீரோவில்?

"மே மாதம் பள்ளிக்கூடமே இல்லை, அப்புறம் எதற்குச் சம்பளம்?" என்று எங்கள் தனியார் பள்ளியின் தாளாளர் ஆசிரியர்களாகிய எங்களிடம் கேட்கிறார். அதே மே மாதத்தில், உச்சி வெயிலில், கையில் நோட்டீஸ் கட்டைக் கொடுத்து எங்களைத் தெருத் தெருவாக அனுப்பியவரும் இவர்தான். "நம் பள்ளியில் சேருங்கள் அக்கா, வேன் இருக்கிறது, கராத்தே இருக்கிறது" என்று வீட்டுக்கு வீடு பல்லைக் காட்ட வேண்டும். ஆளுக்கு இத்தனை பிள்ளைகளைப் பிடித்து வர வேண்டும் என்று கணக்கு வேறு. எம்.எஸ்சி., பி.எட். படித்தது இதற்குத்தான் போலிருக்கிறது.

அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியருக்குத் தொடக்க அடிப்படைச் சம்பளமே 36,400 ரூபாய். அதற்கு மேல் அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி. அதே பட்டத்தோடு, அதே பத்தாம் வகுப்புக் கணக்கை, அதே பொதுத்தேர்வுக்கு நடத்தும் எனக்குக் கையில் நிற்பது 11,000. வங்கிக் கணக்கில் விழுவது வேறு தொகை. விழுந்த வாரமே அதில் ஒரு பகுதியை எடுத்து அலுவலகத்தில் ரொக்கமாகத் திருப்பிக் கட்டிவிட வேண்டும். ரசீது கிடையாது. முடியாது என்று சொல்லிப் பார்க்கலாம்தான். ஆனால் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் முதல் பி.எட். பட்டம் வரை அத்தனை அசலும் அவர்கள் பீரோவில் அல்லவா இருக்கின்றன!

சேரும் அன்றே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். "இங்கே பத்திரமாக இருக்கும் மிஸ்" என்று சிரிப்பு வேறு. சென்ற ஆண்டு எங்கள் இயற்பியல் ஆசிரியைக்கு வேறு ஊரில் நல்ல வேலை கிடைத்தது. சான்றிதழைக் கேட்டார். "வருஷ நடுவில் போவதென்றால் மூன்று மாதச் சம்பளத்தைக் கட்டிவிட்டு எடுத்துப் போங்கள்" என்றார்கள். வளையலை அடகு வைத்துக் கட்டினார். தன் சொந்தப் பட்டத்தை மீட்க, அதுவும் எழுத்தரின் மேசைக்கு முன்னால் நின்றபடி!

தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போகலாமே என்று படித்தவர்கள் யோசனை சொல்கிறார்கள். தொழில் தகராறு சட்டத்தின்படி ஆசிரியர் 'தொழிலாளி' இல்லை என்று 1988இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கற்பித்தல் உன்னதப் பணியாம். வீட்டுக்காரர் வாடகை கேட்க வரும்போது இதை அவருக்கு யாராவது எடுத்துச் சொன்னால் தேவலை. பணிக்கொடையாவது உண்டா என்றால், 2009இல் சட்டத்தைத் திருத்தி எங்களையும் சேர்த்தார்கள். அதைத் தராமல் இருக்கத் தனியார் பள்ளிகள் உச்ச நீதிமன்றம் வரை போய் 2022இல் தோற்றன. எங்களுக்குக் கொடுக்கத்தான் பணம் இல்லை. வக்கீலுக்குக் கொடுக்க இருக்கிறது. எங்கள் பள்ளியில் அதற்கும் வழி கண்டுபிடித்துவிட்டார்கள். பணிக்கொடைக்குத் தேவையான ஐந்து வருஷம் முடியும் முன்பே ராஜினாமா எழுதி வாங்கி, ஜூனில் புதிதாகச் சேர்த்துக்கொள்வது.

கல்வி உரிமைச் சட்டப்படி (ஆர்.டி.இ.) இலவசமாகச் சேரும் பிள்ளைகளுக்கான கட்டணத்தை அரசு இழுத்தடிக்கிறது என்று தாளாளர் அழுகிறார். இழுத்தடிப்பது உண்மைதான். அந்தப் பாக்கிக்கு நடுவிலேதான் இரண்டு மாடிப் புதுக் கட்டடமும் எழும்பியது.

இதையெல்லாம் சொன்னால் உறவினர்கள் உடனே, "அதுதான் கவர்ன்மென்ட் வாத்தியார்களுக்குக் கொட்டிக் கொடுக்கிறார்களே" என்று பேச்சைத் திருப்புகிறார்கள். அவர்கள் வாங்குவதுதான் நியாயமான சம்பளம். அதைக் குறைக்க என்னைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள். அங்கேயும் எல்லோருக்கும் அது கிடைக்கவில்லை. ஓவியம், உடற்கல்வி, தையல் என்று 2012இல் பகுதிநேர ஆசிரியர்களை 5,000 ரூபாய்க்கு எடுத்தது அரசு. பத்தாண்டு கழித்து 2022இலும் அவர்கள் வாங்கியது 10,000. தாளாளரைத் தட்டிக் கேட்க வேண்டிய கல்வித் துறையே இந்தக் கூலிக்கு ஆள் வைத்து வேலை வாங்கினால், என் புகார் மனுவை நான் எந்த அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுப்பது?