சர்நேம் கட்டத்தில் எதை எழுதுவது?

போன வாரம் மகளுக்குப் பாஸ்போர்ட் எடுக்க நெட் சென்டருக்குப் போயிருந்தோம். விவரங்களைத் தட்டிக்கொண்டிருந்த தம்பி ஒரு கட்டத்தில் வந்து நின்றுவிட்டார். “அக்கா, சர்நேம் என்ன போடட்டும்? காலியா விட்டா வெளிநாட்டுல பிரச்சினை பண்ணுவாங்க.” எங்களுக்கு அதெல்லாம் கிடையாது, இனிஷியல்தான் என்றேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “உங்க ஆளுங்க பேரு ஏதாவது இருந்தா போட்டுருங்கக்கா, வடக்க எல்லாரும் அப்படித்தான்” என்றார்.

உதவி செய்கிற எண்ணத்தில்தான் சொன்னார், அவர்மேல் கோபமில்லை. ஆனால் எனக்கு அன்று முழுக்க மனசு ஆறவில்லை.

என் அப்பா பெயர் ஆறுமுகம். நான் படித்த வகுப்பில் மூன்று செல்விகள் இருந்தோம். ஆ. செல்வி, பெ. செல்வி, மு. செல்வி. அந்த ஓரெழுத்துதான் எங்களைப் பிரித்தது. அதனாலேயே அப்பா பெயரை ரகசியமாகக் காப்பாற்றவும் வேண்டியிருந்தது. தெரிந்துவிட்டால் போச்சு, சண்டை வந்தால் பையன்கள் “ஏய் ஆறுமுகம்!” என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கத்துவார்கள். அப்பன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதைவிடப் பெரிய வசவு அந்த வயதில் கிடையாது. நானும் அழுதிருக்கிறேன், மற்றவர்களை அழவைத்தும் இருக்கிறேன்.

வீட்டிலோ அந்தப் பெயரை அம்மா வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. ரேஷன் கடையில் “குடும்பத் தலைவர் பேரு?” என்று கேட்டால் அம்மா என்னைப் பார்ப்பாள். நான் பக்கத்தில் இல்லாவிட்டால், “அதான், பழனியில இருக்காருல்ல, அவரு பேரு” என்பாள். கடைக்காரர் முருகன், தண்டபாணி என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வர, சரியான பெயர் வந்ததும் தலையை ஆட்டுவாள். அண்ணன் மகனுக்குத் தாத்தா பெயரைத்தான் வைத்தோம். பேரன் என்ற சொல்லே பெயரன்தானே, தாத்தாவின் பெயரைச் சுமப்பவன். அந்தப் பிள்ளையையும் அம்மா கடைசிவரை ‘ராசா’ என்றுதான் கூப்பிட்டாள்.

ஒரே பெயர். வெளியே அதைக் கத்தினால் வசவு, வீட்டுக்குள் அதைச் சொல்லாமல் இருப்பது மரியாதை, என் பெயருக்கு முன்னால் அது ஓரெழுத்து. இதையெல்லாம் யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை. அது பாட்டுக்கு எனக்குள் ஏறிவிட்டது.

வேலைக்குப் புனே போனபோதுதான் இது எல்லாருக்கும் பொதுவான வழக்கம் இல்லை என்று உறைத்தது. சேர்ந்த அன்று கொடுத்த படிவத்தில் சர்நேம் கட்டாயம். வேறு வழியின்றி அப்பா பெயரைப் போட்டேன். மறுநாளிலிருந்து வந்த மின்னஞ்சல் எல்லாம் ‘டியர் ஆறுமுகம்’. முதல் முறை பார்த்தபோது வயிற்றைக் கலக்கியது. பள்ளிக்கூடத் தெருவில் நிற்பது போலவே இருந்தது. பக்கத்து மேசைக்காரர் ஒருநாள் கேட்டார், ஆறுமுகம் என்பது குடும்பப் பெயரா என்று. இல்லை, அப்பா என்றேன். “அப்படியானால் குடும்பப் பெயர்?” இல்லை என்றேன். நான் எதையோ மறைக்கிறேன் என்றே அவர் நினைத்தார். அவர் தெரிந்துகொள்ள விரும்பியது என்ன என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

மறைக்கவில்லை. என் முன்னவர்கள் அதைக் கழற்றி வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டில், பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அதற்கு முன்பே பெரியார் தன் பெயரிலிருந்த நாயக்கரை எடுத்துவிட்டார். என் தாத்தாவின் பழைய பத்திரத்தில் பெயரோடு ஒரு பட்டம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அப்பாவின் பள்ளிச் சான்றிதழில் அது இல்லை. இரண்டு தாள்களுக்கும் நடுவே நடந்தது சின்ன விஷயமில்லை. பெயரில் போனது மனதில் போய்விட்டதா என்றால், இல்லை. இன்றும் வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் “எந்த ஊரு? ஊருல எந்தத் தெரு?” என்று சுற்றி வளைத்துக் கேட்கத்தான் செய்கிறார்கள். ஆனால் சுற்றி வளைத்துக் கேட்க வேண்டியிருக்கிறதே, அதுவே நமக்குக் கிடைத்த ஒரு வெற்றி என்று நினைக்கிறேன். அந்த வெற்றியை ஒரு படிவத்தின் கட்டத்துக்காகத் திருப்பிக் கொடுக்க நான் தயாரில்லை. இப்போது சில பிள்ளைகள் முகநூல் பெயரிலேயே பட்டத்தைப் பெருமையாக ஒட்டிக்கொள்வதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

இந்த இனிஷியல் என்பது வெள்ளைக்காரன் பள்ளிக்கூடம் தந்த பழக்கம்தானே என்று சிலர் சொல்வார்கள். ஓரெழுத்தாகச் சுருக்குவது வேண்டுமானால் அப்படி இருக்கலாம். ஆனால் ஊர், தகப்பன், தான் என்கிற வரிசை நம்முடையது. சங்கப் புலவர் ஒருவரின் பெயரைப் பாருங்கள்: மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார். இதைச் சுருக்கினால் ம.க. நக்கீரனார், அவ்வளவுதான். உ.வே.சா.வின் ‘உ’ உத்தமதானபுரம். ஈ.வெ.ரா.வின் ‘ஈ’ ஈரோடு. சி.என். அண்ணாதுரையின் ‘சி’ காஞ்சிபுரம், ஆங்கிலேயர் எழுதிய ‘கான்ஜீவரத்தின்’ முதல் எழுத்து. ஏ.பி.ஜே. அப்துல் கலாமில் அவுல், பகீர், ஜைனுலாப்தீன் என்று மூன்று தலைமுறையே வரிசையாக நிற்கிறது. மலேசியத் தமிழர்களின் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே ‘ஏ/எல்’ என்று இருக்கும். அனாக் லெலாகி, அதாவது மகன். கடல் தாண்டியும் இந்த வழக்கம் விடவில்லை.

எனக்கு இதில் ஒரு வருத்தமும் உண்டு. கல்யாணம் ஆன மறு மாதமே என் ‘ஆ’ போய்விட்டது. வங்கியில் புதுக் கணக்கு, ஆதார், ரேஷன் அட்டை எல்லாவற்றிலும் கணவரின் எழுத்து. யாரும் கட்டாயப்படுத்தவில்லை, யாரும் கேட்கவும் இல்லை, அப்படித்தான் என்று நானே மாற்றிக்கொடுத்தேன். சான்றிதழ்களில் மட்டும் அப்பா மிச்சம் இருக்கிறார். சாதியைக் கழற்றத் தெரிந்த நமக்கு, அம்மாவின் எழுத்தைச் சேர்க்க ஏன் இவ்வளவு காலம் ஆகிறது? எம்.எஸ். சுப்புலட்சுமியின் ‘எஸ்’ யாரென்று நினைக்கிறீர்கள்? அவருடைய அம்மா, வீணைக் கலைஞர் சண்முகவடிவு. முன்னால் உள்ள ‘எம்’ மதுரை. நாம் எல்லாரும் தெரிந்தோ தெரியாமலோ ஒரு தாயின் பெயரை எத்தனை ஆயிரம் முறை சொல்லியிருக்கிறோம்!

நெட் சென்டர் தம்பி பயந்ததில் தப்பில்லை. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் வருகையாளர் விசாவில் அனுமதி இல்லை என்று அறிவித்தது. நம் ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேர் பதறிப்போனார்கள்! அப்புறம்தான், இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று விளக்கம் வந்தது. அமெரிக்க விசாவிலோ உள்ள ஒரே பெயரை சர்நேமில் போட்டுவிட்டு, பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்.என்.யு.’ என்று அச்சடித்துவிடுகிறார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். பெற்றவர்கள் பார்த்துப் பார்த்து வைத்த பெயர் அங்கே ‘தெரியவில்லை’ ஆகிவிடுகிறது.

அதனால் சர்நேமில் மகளின் அப்பா பெயரைப் போடச் சொன்னேன். தம்பி தட்டினார். பக்கத்தில் இருந்தவள், “அப்போ உன் பேரு?” என்றாள். தாய் பெயருக்குத் தனிக் கட்டம் இருக்கிறது, அதில் வரும் என்றேன். “அது படிவத்துல. என் பேருல?” என்றாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும், பாஸ்போர்ட் அலுவலகத்தில் கையெழுத்து கேட்பார்களே என்று பழகிப் பார்க்க உட்கார்ந்தாள். மின்கட்டண ரசீதின் பின்பக்கம் முழுக்கத் தமிழில் கிறுக்கல். முதல் நாலைந்தில் அவள் அப்பாவின் எழுத்து மட்டும். அதற்குக் கீழே எல்லாவற்றிலும் இரண்டு எழுத்து. என்னுடைய ‘செ’ முன்னால் நிற்கிறது.